உடல் திறன் இழந்தவரின் உதவித்தொகை: கடன்காரர் கை எதுவரை நீளும்?

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 45. வேலையில் இருந்தபோது குலை விழுந்து முதுகெலும்பு அடிபட்டது. இனி எழுந்து நடக்கவே கைத்தடி வேண்டும். சொக்சோ மருத்துவ வாரியம் அவரைப் பரிசோதித்து நிரந்தர உடல் திறன் இழப்பு என முடிவு செய்கிறது. மாதா மாதம் அவருடைய வங்கிக் கணக்கில் உதவித்தொகை சேரத் தொடங்குகிறது.

முதல் மாதப் பணம் வந்த வாரத்திலேயே மூன்று பேர் அவரைத் தேடுகிறார்கள். முதலாமவர், ஆறு மாதமாகக் கணக்கு நோட்டில் எழுதி அரிசி, மாவு, பால்மாவு கொடுத்த மளிகைக் கடைக்காரர். இரண்டாவதாக, தனிநபர் கடன் கொடுத்த வங்கியின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதம் வருகிறது. மூன்றாமவர் வீட்டுக்கு வருவதே இல்லை. அவருக்கு வரத் தேவையும் இல்லை. தொழிலாளியின் ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் அவரிடம்தான் இருக்கின்றன. பணம் விழுந்த அன்றே தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்புகிறார்.

இந்தத் தொழிலாளி ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால் தோட்டத்திலும் நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் இவரை அறியாதவர்கள் குறைவு. நீரிழிவால் காலை இழந்தவர், பக்கவாதத்தால் லாரி ஓட்ட முடியாமல் போனவர், சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்று நம்மவர் குடும்பங்களில் இவரைப் போன்றவர்கள் பலர். இவர்களின் உயிர்ப்பிடியாக இருக்கும் இந்தப் பணத்தைக் கடனுக்காக யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியாது என்பதுதான் சட்டத்தின் சுருக்கமான பதில். ஆனால் அந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பது பலருக்குத் தெரியாது. அது தெரியாததால்தான் பணம் போகிறது.

சட்டம் போட்ட வேலி

1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 4, இரண்டு முக்கியத் திட்டங்களை நடத்துகிறது. வேலையிடத்தில் நேரும் விபத்துக்கும் தொழில் சார்ந்த நோய்க்கும் ஒன்று. நோயினாலோ வேறு காரணத்தாலோ உழைக்கும் திறனை இழந்தவருக்கு மற்றொன்று. இரண்டாவதைத்தான் நம்மவர்கள் ‘பென்சேன் ஈலாட்’ என்கிறார்கள். வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலைக்கு வந்தவர்தான் இதற்குத் தகுதி பெறுவார். சராசரி மாதச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை ஓய்வூதியமாகக் கிடைக்கும்.

வேலை விபத்தில் திறன் இழப்பு 20 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டால், முழுத்தொகையையும் ஒரே தடவையில் பெறலாம். 20 விழுக்காட்டுக்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாகப் பெற முடியும். மற்ற நான்கு பங்கும் வாழ்நாள் முழுவதும் மாதத் தொகையாக வரும். மொத்தமாகக் கையில் கொடுத்தால் கரைந்துவிடும் என்று தெரிந்தே சட்டம் இப்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

இந்த உதவித்தொகையைப் பெறும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக அதைப் பறிமுதல் செய்யவும் முடியாது. கடன் கொடுத்தவர் வழக்கில் வென்றிருந்தாலும் சொக்சோ அலுவலகத்துக்குச் சென்று, “அவருக்குப் போகும் பணத்தை எனக்கு அனுப்புங்கள்” என்று கேட்க இயலாது.

ஊழியர் சேமநிதிக்கும் இதே போன்ற வேலி உண்டு. 1991-ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி, உறுப்பினர் கணக்கில் உள்ள பணத்தை எந்தக் கடனுக்காகவும் முடக்க முடியாது. அவர் திவாலானாலும் அந்தச் சேமிப்பு திவால் துறையின் கைக்குப் போகாது. நிரந்தரமாக உடல் திறன் இழந்த உறுப்பினர் தம் சேமிப்பு முழுவதையும் மீட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலிக்கு வலுவான காரணம் உண்டு. உதவித்தொகை என்பது இழந்த கைகால்களுக்குப் பதிலாக வரும் பணம். அதைக் கடன்காரர் எடுத்துக்கொண்டால் அந்தக் குடும்பம் அரசாங்க உதவியை நாடும். அப்போது தொழிலாளியும் முதலாளியும் கட்டிய சந்தா கடன் கொடுத்தவருக்குப் போய்ச் சேரும், தொழிலாளியின் சுமை பொதுமக்கள் தலையில் விழும்.

வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சொக்சோவிடம் இருக்கும்வரை அது உதவித்தொகை. வங்கிக் கணக்கில் விழுந்ததும், வங்கியின் பார்வையில் அது வாடிக்கையாளரின் வைப்புத்தொகை. மகன் அனுப்பிய 200 வெள்ளியும், மனைவி பலகாரம் விற்ற காசும், உதவித்தொகையும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன.

தீர்ப்பு பெற்ற கடன்காரர் நீதிமன்றத்தில் ‘கார்னிஷி’ உத்தரவு பெற வழி இருக்கிறது. கடனாளிக்கு வங்கி தர வேண்டிய பணத்தைக் கடன் கொடுத்தவருக்குத் திருப்பிவிடும் உத்தரவு அது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 49-ஆவது ஆணை இதற்கு இடமளிக்கிறது. முதலில் தற்காலிக உத்தரவு வரும். அது வங்கிக்குக் கிடைத்ததும் கணக்கிலுள்ள பணம் முடங்கும். பிறகு விசாரணை நடந்து இறுதி உத்தரவு வரும். உத்தரவில் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் இருக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்பது இருக்காது. இது சொக்சோ பணம் என்று எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு, நடக்கக்கூட முடியாத அந்த மனிதரின் மேல் விழுகிறது. அவர் நீதிமன்றம் போகவில்லை என்றால் அவருக்காகப் பேச ஆள் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. கடனும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், நிலுவைக்காகச் சேமிப்பிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமையை வங்கிகள் கணக்கு ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். கணக்குத் திறக்கும் நாளில் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

முன்னாள் படைவீரர்களுக்கு அமெரிக்கா செய்தது

வங்கியில் விழுந்த பணம் யாருடையது என்ற இதே கேள்வியை அமெரிக்கா தன் முன்னாள் படைவீரர்கள் விஷயத்தில் பல ஆண்டுகளாகச் சந்தித்தது. போரிலும் பணியிலும் உடல் திறன் இழந்த வீரர்களுக்கு அங்கே அரசு மாதாந்திர இழப்பீடு வழங்குகிறது. அந்நாட்டுச் சட்டத்தொகுப்பின் 38-ஆவது தலைப்பு, 5301-ஆவது பிரிவு, அந்தப் பணத்தைக் கடன்காரர்களிடமிருந்து காக்கிறது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு சொற்றொடர் இருக்கிறது. பணம் வீரரின் கைக்கு வருவதற்கு முன்பு மட்டுமன்றி, வந்த பிறகும் பாதுகாப்பு உண்டு என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது.

1962-இல் இது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. போர்ட்டர் என்ற முன்னாள் வீரரின் இழப்பீட்டுப் பணம் சேமிப்புச் சங்கத்தில் போடப்பட்டிருந்தது. அவர்மீது தீர்ப்பு பெற்ற ஒரு காப்புறுதி நிறுவனம் அதைக் கைப்பற்ற முனைந்தது. தேவைப்படும்போது எடுத்துக் குடும்பச் செலவுக்குப் பயன்படுத்தும் நிலையில் இருக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு தொடரும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லையும் உண்டு. அதே பணத்தைக் கொண்டு வாங்கிய கடன் பத்திரங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று 1939-லேயே அந்த நீதிமன்றம் கூறியிருந்தது. சாப்பாட்டுக்கான பணத்தைத்தான் சட்டம் காக்கும், முதலீட்டை அல்ல.

சட்டமும் தீர்ப்பும் இருந்தும் நடைமுறையில் ஓட்டை அடையவில்லை. நீதிமன்ற உத்தரவு வந்ததும் வங்கிகள் முழுக் கணக்கையும் முடக்கின. பாதிக்கப்பட்டவர் வழக்காடி மீட்பதற்குள் வாடகையும் மருந்துச் செலவும் நின்றுபோயின. 2011 மே 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதி இதை மாற்றியது. முடக்கும் உத்தரவு வந்தால், கணக்கில் முந்தைய இரண்டு மாதங்களில் நேரடியாக வரவு வைக்கப்பட்ட அரசாங்க உதவித்தொகை எவ்வளவு என்று வங்கியே பார்க்க வேண்டும். அந்த அளவு பணத்தைத் தொடக்கூடாது. வாடிக்கையாளர் விண்ணப்பிக்கவோ நீதிமன்றம் ஏறவோ வேண்டியதில்லை. நிரூபிக்கும் சுமை நோயாளியின் தோளிலிருந்து வங்கியின் கணினிக்கு மாறியது.

2019-இல் திவால் சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது. திவால் பாதுகாப்புக்குத் தகுதி பார்க்கும்போது வீரரின் உடல் திறன் இழப்பு இழப்பீட்டை வருமானமாகக் கணக்கிடக் கூடாது என்பது அதன் சாரம்.

ஒரு விதிவிலக்கையும் இங்கே சொல்ல வேண்டும். சொந்தப் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையைத் தர மறுத்த வீரர் ஒருவர், இது பாதுகாக்கப்பட்ட பணம் என்று வாதிட்டார். அந்தப் பணம் வீரருக்கு மட்டுமல்ல, அவருடைய குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகிறது என்று கூறி 1987-இல் உச்ச நீதிமன்றம் அவர் வாதத்தை நிராகரித்தது. பிள்ளைகள் கடன்காரர்கள் அல்ல.

இந்திய உச்ச நீதிமன்றமும் இதே திசையில் போயிருக்கிறது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் வங்கி வைப்புத்தொகையாக மாறினாலும் அவற்றின் தன்மை மாறாது, கடனுக்காக முடக்க முடியாது என்று 2009-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ஒரு வழக்கில் அது கூறியது.

நம் நாட்டுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சொக்சோ தொகையும் வங்கிக்கு நேரடியாகத்தான் வருகிறது. அனுப்பியது யார் என்பது கணக்கு அறிக்கையிலேயே தெரிகிறது. வங்கி அதை அடையாளம் காண்பதில் தொழில்நுட்பச் சிரமம் இல்லை. அடையாளம் கண்டு விட்டுவைக்க வேண்டும் என்ற கட்டளைதான் தேவை.

கையெழுத்து திறக்கும் கதவு

ஆனால் வேலியை எவ்வளவு உயர்த்தினாலும், உள்ளே இருப்பவரே கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் சொன்ன மூவரில் மூன்றாமவர் நீதிமன்றத்துக்கே போகவில்லை. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சட்டப்படி உதவித்தொகை உரிமையை மாற்றிக் கொடுக்க முடியாது. அட்டையைக் கொடுத்தபோது நடைமுறையில் நடந்தது அதுவேதான்.

உரிமம் பெற்ற வட்டித் தொழிலுக்கு விதிகள் உள்ளன. 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டத்தின்படி, அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்பதே உச்ச வட்டி. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். அதன் பிரதி கடன் வாங்கியவரிடம் தரப்பட வேண்டும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். அதற்கு 250,000 வெள்ளி முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வட்டி முதலையிடம் இந்தத் தாள்கள் எதுவும் இருக்காது. அவருக்கு வேண்டியது அட்டை மட்டும்தான்.

அரசாங்கமும் சில வேளை இந்தக் கதவைத் திறந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் சேமநிதியின் இரண்டாம் கணக்கை ஆதாரமாகக் காட்டி வங்கிக் கடன் பெறும் வசதி அறிமுகமானது. 40 வயது முதல் 55 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர்களுக்கான வசதி அது. கோவிட் காலத்துக்குப் பிறகு பணமுடையில் இருந்தவர்கள் வட்டி முதலையிடம் போகாமலிருக்க அது உதவியிருக்கலாம். ஆனாலும் யாரும் தொட முடியாது என்று சொல்லப்பட்ட பணத்தை உறுப்பினரின் சம்மதத்தோடு கடனுக்குப் பிணையாக்கலாம் என்ற வழி அதில் திறந்தது.

பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் இதோடு தொடர்புடையது. எடுத்துக்கொள்ள முடியாத வருமானம் உள்ளவருக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. வங்கி தயங்கும்போது வட்டி முதலை வருகிறார். ஆறு மாதம் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரரும் நம்மில் ஒருவர்தான், அவருக்கும் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டும். அவரைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. ஆனால் அந்தக் கடை பாக்கியை முடிந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. கட்டாயப்படுத்திப் பறிப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. எந்த மாதம் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை பணத்துக்குச் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

திவால் பயம்

“திவாலாக்கிவிடுவோம்” என்ற மிரட்டலுக்குப் பயந்தே பலர் உதவித்தொகையைக் கடனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 1967-ஆம் ஆண்டு திவால் சட்டம் கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. இப்போது கடன் 100,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் ஒருவரைத் திவாலாக்க மனு செய்ய முடியாது. வாகனம், வீடு, கல்விக் கடன்களுக்கு ஆதாயம் எதுவும் பெறாமல் பிணை நின்றவரைத் திவாலாக்க 2017 முதல் தடை உள்ளது.

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர், கடும் நோயாளி என்று அரசு மருத்துவரால் சான்றளிக்கப்பட்டவர் ஆகியோரைத் திவால் துறைத் தலைமை இயக்குநர் திவாலிலிருந்து விடுவிக்க முன்வந்தால், கடன் கொடுத்தவர்கள் அதை எதிர்க்க முடியாது. 2023 திருத்தத்தில் 70 வயதைத் தாண்டியவர்களும் மனநலக் குறைபாடு உள்ளவர்களும் இந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

சமூகநலத் துறையில் பதிந்து ‘ஓகேயு’ அட்டை பெறுவதைச் சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். கார் நிறுத்தும் சலுகைக்கு மட்டுமான அட்டை அல்ல அது. கடன் விஷயத்தில் சட்டம் தரும் கேடயமும் அதில் இருக்கிறது.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் சில வழிகளைக் கடைப்பிடிக்கலாம்:

- உதவித்தொகைக்கு மட்டும் தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வேறு வருமானத்தை அதில் கலக்கக் கூடாது. கலக்காத பணத்தின் மூலத்தைக் காட்டுவது எளிது.
- கடன் உள்ள வங்கியில் அந்தக் கணக்கு இல்லாமல் இருப்பது நல்லது.
- சொக்சோ அனுப்பிய ஒப்புதல் கடிதங்களையும் கணக்கு அறிக்கைகளையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும்.
- நீதிமன்றத்திலிருந்தோ வழக்கறிஞரிடமிருந்தோ தாள் வந்தால் அலமாரியில் செருகி வைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் வருமானத்தையும் செலவையும் எடுத்துச் சொல்லித் தவணை கேட்க வழி உண்டு. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம்.
- வங்கிக் கடன் சமாளிக்க முடியாமல் போனால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே நிறுவனத்தில் ஆலோசனை இலவசம். வங்கியோடு பேசித் தவணையைக் குறைக்க அது உதவும்.
- ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் யாரிடமும் போகக் கூடாது. ஏற்கெனவே போயிருந்தால் வங்கியில் சொல்லி அட்டையை முடக்கிப் புதிய அட்டை பெறலாம். மிரட்டல் வந்தால் போலீசில் புகார் செய்ய வேண்டும்.

மாற வேண்டியது

சொக்சோ பணத்துக்கும் சேமநிதிக்கும் நாடாளுமன்றம் வேலி போட்டு பல ஆண்டுகள் ஆகின்றன. சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வந்த காலத்துச் சிந்தனை அது. இன்று எல்லாப் பணமும் வங்கி வழியாகத்தான் வீடு வருகிறது. வேலி அலுவலக வாசலோடு நின்றுவிட்டால், பணம் நடந்துவரும் பாதை முழுவதும் திறந்த வெளிதான். ‘கைக்கு வந்த பிறகும்’ என்ற பொருள் தரும் ஒரு வரியைச் சட்டத்தில் சேர்ப்பதும், முடக்க உத்தரவு வரும்போது இரண்டு மாத உதவித்தொகையை வங்கி தானாகவே விட்டுவைக்க வேண்டும் என்று விதிப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கையிலெடுக்கக்கூடிய கோரிக்கை இது.

குலை வெட்டிய அந்தத் தொழிலாளி வேலை செய்த ஒவ்வொரு மாதமும் சொக்சோவுக்கு அவர் சம்பளத்திலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. இன்று வரும் தொகை யாரும் போட்ட பிச்சை அல்ல. முதுகு ஒடிந்த பிறகு அடுப்பு எரிய வேண்டும் என்று அவரே கட்டி வைத்த பணம். அது அவர் வீட்டு அடுப்படி வரை வந்து சேர வேண்டும்.